குருவம்மா வயல் பூச்சி

மருந்தே அடிக்காமல் நெல் வைக்கிற குருவம்மாவுக்கு அந்த ஒரு ஏக்கர் குத்தகைதான் கஞ்சிக்கு வழி. அதற்கும் வேட்டு வைக்க ஊரைக் கூட்டிவிட்டார் பண்ணையார் சங்கரபாண்டியன்.

"மூணு தரம் மருந்தடிச்சும் என் நெல்லு புகையான் பூச்சி விழுந்து கருகுது. எல்லாம் பக்கத்துல இவ வயல்ல வளர்ந்து வந்ததுதான். பொழுது சாயறதுக்குள்ள அத்தனையையும் பொறுக்கிட்டுப் போகணும். இல்லைன்னா குத்தகைய விடணும்."

குருவம்மா அசருகிற ஆளா? "சரிங்கய்யா. என்னுதுதானான்னு அடையாளம் பாத்து எடுக்கணும்ல? வாங்க" என்று எல்லாரையும் தன் வயலுக்கு நடத்தினாள். கதிருக்குக் கதிர் சிலந்தி வலை, மேலே தட்டான், காலடியில் தவளை.

"எம் வயல்ல வளர்றது இதுங்கதான். இதுல ஒண்ணை உங்க வயல்ல காட்டுங்க, இப்பவே குத்தகைய விட்டுர்றேன்."

பண்ணையாட்கள் ஆறு பேர் பண்ணையார் வயலில் இறங்கித் தேடினார்கள். நெல் தூரைத் தட்டினால் புகையான்தான் பொலபொலவென்று உதிர்ந்தது. அதைத் தின்கிற சிலந்தியையும் தவளையையும் மருந்து எப்போதோ தீர்த்துவிட்டிருந்தது. குத்தகை அவளுக்கே என்றது ஊர்.

துண்டை உதறிக்கொண்டு கிளம்பிய பண்ணையாரைக் குருவம்மா விடவில்லை.

"அய்யா, உங்க பூச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. எம் பக்கம் வந்தது எதுவும் இதுவரைக்கும் திரும்பிப் போனதில்ல."