ஜின் சொன்ன கரீபு

நம்பாதவர்கள் கப்பலேறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சான்சிபார்த் தீவின் பாழடைந்த மாளிகை ஒன்றில் ஒரு ஜின் குடியிருந்தது. கீழக்கரைக் கப்பல் சமையற்காரன் சீனி மீரான் உச்சிவெயிலில் தண்ணீர் தேடி அதற்குள் நுழைந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கிணற்றடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன, ஆட்களைத்தான் காணோம்.

“நினா ன்ஜா,” என்றது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். பசிக்கிறது என்று அர்த்தம். மீரானுக்குத் தெரிந்த சுவாஹிலியெல்லாம் இந்தச் சோற்றுப் பேச்சுதான்.

நீர் சொட்டச் சொட்ட ஜின் எழுந்து வந்தது. அதற்குத் தெரியாத பாஷையா? தமிழிலேயே மிரட்டியது. “சுல்தான்களுக்கே மரியாதை கற்பித்தவன் நான். அலறாமல் நில்லடா, கௌரவமாகத் தின்கிறேன்.”

“தின்னுங்க எசமான். ஆனா இந்த ஊர்ல, பக்கத்துல நிக்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடாம யாரும் வாயில வைக்க மாட்டாங்களாமே? இங்க நான்தானே நிக்கிறேன்?”

ஜின்னின் முகம் சுண்டிப்போனது. மரியாதை தவறலாமா? “கரீபு சக்கூலா,” சாப்பிட வா, என்று முனகியது.

“அசாந்தே,” நன்றி, என்று மீரான் சப்பணமிட்டு உட்கார்ந்தான். “இப்ப நான் உங்க விருந்தாளி. விருந்தாளியைத் திங்கிற வழக்கம் உண்டா எசமான்?”

ஜின் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கைக்குத் தண்ணீர் ஊற்றியது. எங்கிருந்தோ தேங்காய்ச்சோறு ஆவி பறக்க வந்தது. மூன்று தட்டு முடித்து, “நிமேஷிபா,” வயிறு நிறைந்தது, என்று அவன் எழுந்தபோது கதவு திறந்தது. பரிமாறிய ஜின்னின் வயிறு உறுமுவது மட்டும் தெருமுனைவரை கேட்டது.