பாதி வேட்டி காய்கிறது

முன்னொரு காலத்தில், பெய்யத் தொடங்கினால் நிற்கத் தெரியாத மழை பெய்கிற ஒரு தேசத்தில், ஒரு ராஜா இருந்தான். தேசத்தின் பேர் எதுவாயிருந்தால் என்ன, ராஜாமார் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

அவனைப் பெற்றவள் ஐப்பசி பிறந்ததும் செத்துப்போனாள். அன்றிலிருந்து அவன் சிரிக்கவில்லை. அரண்மனையில் விகடம் சொல்லிப் பிழைக்கிற இருளப்பன், ஒருநாள் துணிந்து ஒரு வேடிக்கை சொல்லிப் பார்த்தான். ராஜா பார்த்த பார்வையில் அவனுக்குக் கழுத்து கூசியது. அதற்குப்பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

அஸ்தியைக் கடலில் கரைக்கப் புறப்பட்டார்கள். ராஜாவின் துணிமணிக்கே வண்டி வண்டியாகப் பெட்டிகள். துக்கம் காக்கிறவன் வெள்ளைதான் உடுத்த வேண்டும், அதையும் வேளைக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். வெளுத்துப் போடுவதற்கு மாடத்தியும் கூட நடந்து வந்தாள். அரண்மனைத் துணியெல்லாம் அவள் கையால்தான் வெளுத்தது.

வழியில் ஒரு சத்திரத்தில் பெட்டியைத் திறந்தார்கள். குப்பென்று ஒரு வாடை. வெள்ளைத் துணி அத்தனையிலும் எள்ளைத் தூவினாற்போலப் பூசணம். ராஜா மேலே கிடந்தது மட்டும் தப்பியது.

"துவைத்தவளின் அலட்சியம், அரசே. சரியாக உலர்த்தாமல் மடித்திருக்கிறாள்" என்றார் பிரதானி வல்லபராயர். கேட்குமுன்பே பதில் வைத்திருக்கிற மனுசன்.

"சாமி, துணி ஈரமாக் கெடக்கு, இன்னைக்கு மடிக்காதீகன்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் மாடத்தி.

அவள் சொன்னது நிசம். நல்ல நேரம் தவறிவிடும் என்று ஈரத்தோடு பெட்டியில் திணிக்கச் சொன்னவர் பிரதானிதான். ஆனால் துணி வெளுக்கிறவள் பேச்சு எந்தச் சபையில் ஏறியிருக்கிறது?

"என் தாயின் அஸ்திக்கு முன்னால் பூசணத்தை உடுத்தி நிற்கவோ? இவள் கைகள் இரண்டையும் வெட்டுங்கள்" என்றான் ராஜா.

அஸ்தி கரைகிற வரைக்கும் ரத்தம் சிந்தக்கூடாது என்றார் புரோகிதர். ஆகவே கடற்கரையில் வெட்டுவதென்று முடிவாயிற்று. சாத்திரம் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள். மாடத்தியின் கைகளைக் கட்டி வண்டிக்குப் பின்னால் பிணைத்தார்கள்.

இருளப்பன் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கிழிசலை மூக்கைச் சுளிக்காமல் வெளுத்துக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவிடவில்லை.

"அரசே, குற்றம் அவள் கையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. அடைமழையில் இத்தனை துணியை யாரால் காயவைக்க முடியும்? ஒற்றைத் துணியோடு பயணம் வந்தால் பூசணத்துக்கு இடமே இல்லை."

"அப்படியானால் நீ வந்து காட்டு" என்றான் ராஜா. "இடுப்பில் இருக்கும் வேட்டி ஒன்றுதான். கடற்கரையில் அழுக்கில்லாமல் நீ நின்றால் அவள் கைகள் தப்பும். தவறினால் உன் கைகளும் சேர்ந்து போகும்."

பிரதானி முன்னால் வந்தார். "சில நிபந்தனைகள் வேண்டும், அரசே. பிறர் துணியைத் தொடக்கூடாது. வேட்டி இல்லாமல் நிற்கக்கூடாது. ஈரத்துணி உடுத்தக்கூடாது, அது கொள்ளி வைத்தவருக்கு உரியது."

"ஆகட்டும்" என்றான் ராஜா.

அவிழ்க்காமல் துவைக்க முடியாது, துவைத்தால் ஈரம். அடைத்தாயிற்று எல்லா வழியையும் என்று பிரதானி போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினார்.

இருளப்பன் வேட்டி நாலு சுற்று வருகிற நீள வேட்டி. மறுநாள் குளக்கரையில் உட்கார்ந்து பாதியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மறுபாதியைத் தண்ணீரில் விட்டுக் கசக்கினான். மழை விட்ட நேரமெல்லாம் அந்தப் பாதியைக் கம்பில் மாட்டித் தோளில் சாய்த்துக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நடந்தான். காய்ந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு மற்றப் பாதியை நனைத்தான். அந்தத் தேசத்தில் மாற்றுத்துணி இல்லாத சனங்கள் செய்வதுதான். பல்லக்கில் போகிறவர் கண்ணில் அது பட்டதில்லை.

"ஈரத்துணி, அரசே" என்று பிரதானி கையை நீட்டினார்.

ராஜா பல்லக்கிலிருந்து எட்டிப் பார்த்தான். "உடுத்தியிருப்பது காய்ந்திருக்கிறது. ஈரமானதை அவன் உடுத்தவில்லை" என்று திரையை இழுத்துவிட்டான்.

மழை விடாத நாளில் இருளப்பன் சமையல் கொட்டகைக்குப் போனான். பாதி வேட்டி இடுப்பில், பாதி வேட்டி தணலுக்கு மேலே கொடியில்.

"என்னவே, அடுப்புக்கும் உமக்கும் கலியாணமா? துணியில முடிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கீரு" என்றான் சமையல்காரன்.

"ஆமாவே. பொண்ணு நல்லாத்தான் இருக்கா. மாமியாக்காரிதான் ஓயாமப் புகையுதா."

கொட்டகையில் சிரித்தார்கள். கொட்டகை வாசலில் வண்டியடியில் நனைந்துகொண்டிருந்த மாடத்தி சிரிக்கவில்லை.

"எய்யா, எனக்காவ உன் கையையும் ஏன் பணயம் வச்ச? கையில்லாம ரெண்டு பேரு இருந்து என்ன செய்ய?"

"எனக்கு வாய் இருக்கு, மதினி. கை போனாலும் கஞ்சி வந்துரும். உமக்குக் கைதான எல்லாம்."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். கயிறு மணிக்கட்டைப் புண்ணாக்கியிருந்தது.

கடலுக்கு ஒருநாள் வழி பாக்கி. பிரதானிக்குப் பொறுக்கவில்லை. இவன் ஜெயித்தால், ஈரத்தோடு மடிக்கச் சொன்னது யார் என்ற கேள்வி எழும். மாடத்தியின் மூட்டையில் சேங்கொட்டை இருந்தது. துணிக்கு அடையாளம் போட அதன் பாலைத்தான் தொட்டு வைப்பார்கள். பட்டால் துணி கிழிகிற வரைக்கும் கறை போகாது. ஆளை அனுப்பினால் ஆள் நாளைக்கு வாயைத் திறப்பான் என்று, பிரதானி தாமே எடுத்து, தாமே விரலால் நசுக்கி, அடுப்படியில் நின்றவாக்கிலே கண்ணயர்ந்த இருளப்பனின் வேட்டியில் பின்பக்கமாகப் பூசிவிட்டுப் போனார். யாரையும் நம்பாதது சரிதான். சேங்கொட்டையையும் நம்பாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் கடற்கரை. மேகம் இறங்கிக் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். ராஜா இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தாயைக் கரைத்தான். கலயம் கவிழ்ந்து மிதந்தது. கரையேறியவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. வெட்டுகிறவன் கட்டையைக் கொண்டுவந்து மணலில் போட்டான்.

"அரசே, இருளப்பனைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள்" என்றார் பிரதானி.

திரும்பினான். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. விடியும்போதே அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"அழுக்கு" என்றான் ராஜா.

"அரசே, தாங்கள் உடுத்தியிருக்கும் துணியின் மூலையைப் பாருங்கள்" என்றான் இருளப்பன். அங்கே அரண்மனை அடையாளம், மூன்று கறுப்புப் புள்ளி. "இதுவும் அதுவும் ஒரே சேங்கொட்டைப் பால். சின்னதாக இருந்தால் அடையாளம், பெரியதாக இருந்தால் அழுக்கா? இது அழுக்கென்றால், தாங்கள் பிறந்த நாள் முதல் அழுக்கைத்தான் உடுத்தி வருகிறீர்கள்."

வெட்டுகிறவனே மூச்சைப் பிடித்துக்கொண்டான். ராஜா தன் துணி மூலையைப் பார்த்தான், இருளப்பனின் வேட்டிக் கறையைப் பார்த்தான்.

"எனக்கு இவ்வளவு பெரிய அடையாளம் போட்டது யார் என்றும் சொல்கிறேன். அதற்கு முன், போன மகராசிக்காக எல்லோரும் கடலைப் பார்த்து ஒருமுறை கைகூப்ப வேண்டும்."

எல்லோரும் கூப்பினார்கள். பிரதானி மட்டும் சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"என் தாய்க்குக் கைகூப்ப உமக்கு மனமில்லையா?" என்றான் ராஜா.

கை வெளியே வந்தது. விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காயாய் வீங்கிக் கொப்புளம் தள்ளியிருந்தது. பழகாதவன் தொட்டால் சேங்கொட்டை விடாது.

"ஏன் செய்தார் என்று கேளுங்கள், அரசே. பெட்டியை எப்போது, யார் மூடச் சொன்னது என்றும் கேளுங்கள்."

பிரதானி விரல்களைக் கூப்பவும் முடியாமல், பிரிக்கவும் முடியாமல் நின்றார். ராஜாவின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிரித்தான். ஐப்பசிக்குப் பிறகு முதல் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். பாதிக்குமேல் அது சிரிப்பா வேறா என்று தெரியவில்லை.

"கயிற்றை அவிழுங்கள்" என்றான் கடைசியில். "திரும்பும் வழியெல்லாம் பிரதானி ஒற்றை வேட்டியோடு நடக்கட்டும். துவைப்பதும் அவர் கையாலேயே."

மாடத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜாமார் அப்படிச் சொல்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது. தன் தோளில் கிடந்த சரிகை போட்ட வெண்பட்டை எடுத்து இருளப்பனுக்குப் போர்த்தினான்.

இருளப்பன் அதைக் கொண்டுபோய் மாடத்தியின் மடியில் வைத்தான். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"உமக்குத்தான் மதினி. வச்சுக்கிடும்."

அவள் பட்டைத் தொட்டுப் பார்த்தாள். சரிகையைத் திருப்பிப் பார்த்தாள். மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

"நல்ல பட்டுதான்" என்றாள். "இத யாருய்யா வெளுக்குறது?"