ஏழு நாழிகைக் கல்

செங்கழனி நாடு என்று ஒரு நாடு. வெகு காலத்துக்கு முன்னே அதைக் கோடைவழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் சிரித்தால் மாலையில் சீறுவான். அவனிடம் ஆராவமுதர் என்று ஒரு மந்திரி. நாட்டிலேயே பெரிய அறிவாளி அவர்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சை முதலில் ஆரம்பித்து வைத்தவரும் அவரேதான்.

ஒருநாள் ராஜா, "வழியெல்லாம் கல் நட்டு, அடுத்த ஊர் எத்தனை நாழிகை நடை என்று பொறித்து வையும்" என்றான். மந்திரி பல்லக்கில் ஏறினார். கூடவே நாழிகைக்காரர் ஒருவர், ஓட்டை வட்டிலோடும் தண்ணீர்க் குடத்தோடும் மாட்டு வண்டியில் வந்தார். வட்டில் ஒரு தடவை மூழ்கினால் ஒரு நாழிகை. அவரும் எண்ணிக்கொண்டே வந்தார், கல் தச்சர்களும் பொறித்துக்கொண்டே போனார்கள். எல்லாக் கல்லிலும் அரச முத்திரை விழுந்தது.

மூன்று மாதம் கழித்து, புளியங்குளத்துச் சடையாண்டி என்ற குடியானவன் சபையில் வந்து விழுந்தான். அவனைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் சேனாபதி மழவரையர். மந்திரி நாற்காலிமேல் அவருக்குப் பத்து வருஷமாகக் கண்.

"மகாராசா, எம் மவ கல்யாணம் நின்னு போச்சு! மாப்பிள்ளை வீட்டார் விடியக்காலம் மருதூர்க் கல்லுகிட்ட வந்தாங்க. புளியங்குளம் ஏழு நாழிகைன்னு போட்டிருந்துச்சு. முகூர்த்தத்துக்கு ரெண்டே நாழிகை. இனி எங்க போய்ச் சேர்றதுன்னு திரும்பிப் போயிட்டாங்க. எங்க ஊரு அங்கிருந்து ஒரு நாழிகைதான் சாமி!"

"மேளச் சத்தம் கேட்கவில்லையா அவர்களுக்கு?" என்றான் ராஜா.

"கேட்டுச்சாம். ஆனா ராசா கல்லு பொய் சொல்லுமா, நம்ம காதுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சாங்களாம்."

மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. மருதூருக்கும் புளியங்குளத்துக்கும் நடுவே ஆலஞ்சோலை. அங்கே கட்டுச்சோறு பிரித்ததும், தயிர்சாதத்துக்கு மாவடு தொட்டுக்கொண்டதும், பிறகு கண்ணை மூடியதும் நினைவுக்கு வந்தன. 'நடக்கும்போது மட்டும் எண்ணு' என்று நாழிகைக்காரரிடம் சொல்ல மறந்திருந்தார்! தப்பை அவர் தலையில் கட்டிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மனிதர் வட்டிலோடு எதிரேயே நின்றார். மந்திரிக்கு வெட்கமாகிவிட்டது.

"அரசே, அதில் ஒரு நாழிகை வழி. மிச்சம் ஆறும் என் சாப்பாடும் தூக்கமும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "முத்திரை விழுந்த எழுத்தை அழித்தால் என் வாக்கு பொய்யாகும். அடுத்த பௌர்ணமிக்குள் அந்தக் கல் சொல்வது மெய்யாக வேண்டும். எழுத்தைத் தொடக்கூடாது, கல்லை நகர்த்தக்கூடாது. முடியாவிட்டால் நீர் அதைத் தலையில் சுமந்துகொண்டு நாட்டை விட்டே போய்விடும். மழவரையர் மந்திரியாவார்."

"கல் மெய்யா என்று நானே போய்ப் பார்க்கிறேன்" என்றார் மழவரையர். "என் குதிரைக்கு அது அரை நாழிகை வழி."

"ஆகட்டும்" என்றார் ஆராவமுதர். "நண்பகலில் புறப்படுங்கள், அது போதும். சடையாண்டி, நின்ற கல்யாணத்தை அன்றைக்கே நடத்து. செலவு அரண்மனையுடையது. இடம் மட்டும் ஆலஞ்சோலை."

பௌர்ணமியும் வந்தது. ராஜா பரிவாரத்தோடு புளியங்குளத்து எல்லையில் போய் உட்கார்ந்தான். நண்பகலில் மழவரையர் மருதூர்க் கல்லிலிருந்து குதிரையைத் தட்டினார். நாழிகைக்காரர் வண்டியில் பின்தொடர்ந்தார். ஆலஞ்சோலையில் புதுச் சாவடி ஒன்று நின்றது. வாசலில் வாழைமரம், உள்ளே பந்தி. தாலி கட்டி முடிந்திருந்தது. சடையாண்டி மாலையோடு ஓடிவந்து குதிரையை மறித்தான்.

"சபையில எனக்காகப் பேசுன புண்ணியவான் நீங்க! நீங்க உக்காந்தாத்தான் பந்திக்கு இலை போடுவோம்."

சுற்றி நின்ற கூட்டம் "சேனாபதி வாழ்க!" என்றது. மாலை கழுத்தில் விழுந்த பிறகு குதிரையைத் தட்ட எந்த மனிதனுக்கு மனசு வரும்? அரை நாழிகையில் கை கழுவிவிடலாம் என்று இறங்கினார். தலை இலையில் அவர், பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் பெரிய மாமா. மாமாவுக்கு வாயில் ஒரு பல் கிடையாது. அப்பளத்தைச் சாம்பாரில் ஊறவைத்து, அது இளகும் வரை பழைய கதை பேசுவார். பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்து இலைக்காரரை அவமதித்ததாகும். மழவரையர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் பரிமாறுகிறவன் விடுவானா? இரண்டாம் தடவை பாயசம், மூன்றாம் தடவை பாயசம். ஒருவழியாக மாமா எழுந்தார். வெற்றிலை வந்தது. ஆலமரக் காற்றும் வந்தது. "ஒரு கணம் கண் மூடினால் என்ன?" என்று சாய்ந்தார் சேனாபதி.

புளியங்குளத்து எல்லையில் ராஜா பொறுமையிழந்து உலாத்திக்கொண்டிருந்தபோது, வாய் சிவக்க, தலைப்பாகை கோணலாக, மழவரையர் வந்து சேர்ந்தார். நாழிகைக்காரர் வட்டிலைத் தூக்கிக் காட்டினார். "ஏழாவது இப்போதுதான் மூழ்கியது, அரசே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "அரை நாழிகைக் குதிரை எங்கே சேனாபதி?" மழவரையர் கோணல் தலைப்பாகையைச் சரிசெய்தார். "சரி, மந்திரி எங்கே?"

நாழிகைக்காரர் வண்டியின் வைக்கோலிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார் ஆராவமுதர். அவரும் அதே பந்தியில் சாப்பிட்டவர்தான்.

"இவருக்குச் சரியாக ஏழு நாழிகை ஆகும் என்று எப்படியய்யா கணித்தீர்?"

"கணிப்பெல்லாம் இல்லை, அரசே. நான் எவ்வளவு சோம்பேறி என்று எனக்குத் தெரியும். ஊரில் மற்றவர்களும் என்னைப் போலத்தானே இருப்பார்கள் என்று ஒரு தைரியம்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். சாவடியில் வழிப்போக்கருக்கு என்றைக்கும் சோறு போட வேண்டும் என்றும், அதைப் பந்தியில் நின்று பரிமாறும் பொறுப்பு மழவரையருடையது என்றும் உத்தரவானது.

மந்திரி மட்டும் தயங்கினார். "அரசே, இன்னொரு முகூர்த்தம் தப்பக்கூடாது. கல்லில் ஒரு வரி சேர்க்க உத்தரவு வேண்டும். அழிக்க வேண்டாம், சேர்த்தால் போதும்."

ராஜா தலையசைத்தான். அந்த வரியை மந்திரியே சொல்லச் சொல்லத் தச்சர் பொறித்தார்: "சாப்பிடாமல் போனால் ஒரு நாழிகைதான். இப்படிக்கு, வழியில் தூங்கிய மந்திரி."

அதற்குப் பிறகு அந்த வழியில் ஒரு கல்யாணமும் நிற்கவில்லை. அவசரமில்லாதவர்கள் அத்தனை பேருக்கும் புளியங்குளம் ஏழு நாழிகை வழியாகவே இருந்தது.