நான் பாறை பிடித்த கதை

எங்கள் ஊர்க் கடல் பாலத்தில் நின்று நான் பிடித்த மீன்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு திருக்கை, அதன் வாலை என் மனைவி துணி காயப்போடும் கொடியாகக் கட்டியிருந்தாள். ஒரு கொடுவா, அதை இழுத்தபோது பாலமே ஒரு சாண் கடலுக்குள் நகர்ந்தது. எல்லாம் நான் சொன்னவைதான். இப்போது சொல்லப்போகும் கதையில் வரும் சுறா எத்தனை அடி என்று மட்டும் கேட்காதீர்கள்.

கஸ்பார் அண்ணாவியிடம் நான் போய்ச் சேர்ந்தபோதே எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். நாடகம் பழக்குகிறவரைத்தான் எங்கள் பக்கம் அண்ணாவி என்போம். கஸ்பார் ஒரு நாடகமும் பழக்கியதில்லை. கப்பல் வருவது நின்றுபோன அந்தப் பாலத்தின் நுனியில் நின்று கயிறு போட்டுச் சுறா பிடிப்பார். கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். பொய் பேச மாட்டார். ஊரில் ஒரு சண்டை தீரவில்லை என்றால், "அண்ணாவி பாத்தாராமா?" என்று கேட்பார்கள். பார்த்தேன் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

என்னை அவரிடம் அனுப்பியது என் மைத்துனன் இஞ்ஞாசி. டீக்கடையில் ஆள் நிறைய இருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னான்.

"அத்தான், நீரு வாயால பிடிச்ச மீனையெல்லாம் கருவாடு போட ஒரு உப்பளம் பத்தாது. கையால ஒண்ணு பிடிச்சுக் காட்டும், பாப்போம்."

"கோயில் கொடியேத்தத்துக்கு முன்னால சுறாவோட வாரேன். வரலன்னா மீசைய எடுத்துருதேன்."

டீக்கடை அமைதியாகிவிட்டது. என் மீசை அப்படி. வாடைக்காற்றில் அதன் ஒரு நுனி திருச்செந்தூரைக் காட்டும், மறு நுனி ராமேஸ்வரத்தைக் காட்டும்.

மறுநாள் புதுக் கயிறு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

"அண்ணாவி, சுறா பிடிக்க முதல்ல எதப் படிக்கணும்?"

கயிற்றை வாங்கி விரலால் நெருடிப் பார்த்தார். நல்ல கயிறு என்று தலையை ஆட்டினார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அதை நடுவில் அறுத்தார்.

"இத."

"அறுக்கவா?"

"ஆமா."

"அப்ப மாட்டுறது?"

"அதச் சுறா பாத்துக்கிடும்."

அன்றிலிருந்து அறுப்பதுதான் பாடம். நனைந்த கயிற்றை அறுக்க வேண்டும். விறைத்து நிற்கும் கயிற்றை அறுக்க வேண்டும். இடது கையால், கண்ணை மூடிக்கொண்டு, அவர் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும்போது பதில் சொல்லிக்கொண்டே. ஊரிலுள்ள ஆடுகளையெல்லாம் கட்டும் அளவுக்குத் துண்டுக் கயிறு சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"கயிறு கடல் பக்கம். ஆளு கரைப் பக்கம்."

சுருட்டி வைத்த கயிறு எப்போதும் பாலத்தின் கடல் ஓரத்தில்தான் கிடக்க வேண்டும். சுறா ஓடும்போது சுருள் தானாக அவிழ்ந்து தண்ணீருக்குள் போகும். வழியில் ஒரு கால் இருந்தால் அந்தக் காலும் போகும்.

"போனா?"

"அதுக்குத்தான் கத்தி."

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இஞ்ஞாசி பாதி ஊரைப் பாலத்துக்குக் கூட்டி வந்துவிட்டான். கடலை விற்கிறவன்கூட வந்திருந்தான். நுனியில் பலகைகள் உளுத்துக் கிடந்ததால், துருப்பிடித்த பழைய கிரேனுக்கு இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று அண்ணாவி சொல்லிவிட்டார். அங்கே நின்றபடியே கத்தினார்கள்.

"ஓய் அத்தான், ஒண்ணுமே தெரியலையே! கயிறாவது கொண்டு வந்தீரா, அதுவும் வாயாலதானா?"

சிரிப்பு. அண்ணாவி குனிந்து கயிற்றின் அடிமுனையை இரும்புத் தூணில் கட்டிக்கொண்டிருந்தார். நான் சுருளைத் தூக்கிப் பாலத்தின் நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி, கல்யாண மாலை போல வட்ட வட்டமாக அடுக்கி வைத்தேன்.

"தெரியுதா மாப்ள?"

அப்போதுதான், கடலில் போட்டிருந்த இரையைச் சுறா எடுத்தது.

என் உள்ளங்கையில் கயிறு சீறிக்கொண்டு ஓடியது. அண்ணாவி கொக்கிக் கம்போடு ஓடி வந்தார். அவர் கண் தண்ணீரில் இருந்தது. காலடியைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? கயிறு கடல் பக்கம் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு வளையம் அவர் கணுக்காலில் இறுகியது. விழுந்தார். பலகையில் சறுக்கிக்கொண்டே விளிம்புக்குப் போனார். சத்தம் போடவில்லை.

அந்த நேரத்தில் சுறா ஒரு தடவை மேலே வந்து புரண்டது. அதன் வெள்ளை வயிற்றைப் பார்த்தேன். நான் சொன்ன எல்லாப் பொய்யும் அங்கே மிதந்தது.

கத்தியை எந்தக் கையால் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் காலுக்கும் கடலுக்கும் நடுவில் அறுத்தேன்.

அங்கிருந்து அவர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும். கூட்டம் கிரேனைத் தாண்டி ஓடி வந்தது. தண்ணீர் சும்மா கிடந்தது. என் கையில் அறுந்த கயிறு.

"சுறா!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"அத்தான், ஒம்ம பேச்சு வேண்டாம்," என்றான் இஞ்ஞாசி. "அண்ணாவி, நீங்க சொல்லுங்க. சுறாவா?"

சிரிப்பு நின்றது. ஒரு வார்த்தை போதும். கடலை விற்கிறவன்கூட அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அண்ணாவி எழுந்து உட்கார்ந்தார். கைலியைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

"பாறையில மாட்டிக்கிச்சு," என்றார். "அறுத்துட்டான்."

அன்று ஊர் சிரித்த சிரிப்பில் பாலத்தின் துரு உதிர்ந்தது. இதைக் கூட்டிச் சொல்லவில்லை, என் தோளில் விழுந்தது.

அவர்கள் போனபிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"உக்காரு," என்றார். "நாளைக்கு நாவிதர் கடையிலயும் கூட்டம் கூடும். இங்கயே எடுத்துருவோம்."

கிரேனின் அடிமேடையில் உட்கார்ந்தேன். கடல் தண்ணீரைத் தொட்டு மீசையை நனைத்தார். அதே கத்தி. வலப்பக்கம் போய்விட்டது.

"பொய் சொல்லிட்டீங்களே அண்ணாவி. ஒங்க வாயில நான் கேட்ட முதப் பொய்."

"ஒங்கூடச் சேந்து பழகிட்டேன்."

"சுறான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, ஏன் அறுத்தான்னு கேப்பாங்க."

"கால் மாட்டிக்கிச்சுன்னு சொல்லியிருக்கலாம்."

"எப்படி மாட்டுச்சுன்னு கேப்பாங்க."

பலகையின் நடுவே மிச்சச் சுருள் அப்படியே கிடந்தது, மாலை போல.

கத்தியைக் கைலியில் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் வந்தார். கணுக்காலிலிருந்து ரத்தம் இறங்கிச் செருப்பை நனைத்திருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை.

"அப்ப நான் செஞ்சது யாருக்குத்தான் தெரியும் அண்ணாவி?"

அவர் என் தாடையைப் பிடித்து முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினார்.

"அறுக்கும்போது, யாரு பாக்காங்கன்னு திரும்பிப் பாத்தியா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கத்தி மேலுதட்டில் இருந்தது.

"அசையாத," என்றார்.