காக்கா பார்க்காத குழந்தை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பின்கட்டில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. அங்கே குருவுக்கு வயது இருபத்தெட்டு, சிஷ்யைக்கு நாற்பத்தொன்று.

குரு எஸ்தர் டீச்சர். சிஷ்யை தெய்வானை, அதே கம்பெனியில் செக்கிங் மேசையில் பல வருடம் நின்றவள். கண் மங்கி, துணியில் ஓட்டை தெரியாமல் போனதும் அந்த வேலை போயிற்று. காப்பகத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள். ஒரு வருடம் டீச்சர் கூடவே இருந்து வேலை பழக வேண்டும். அவர் சரி என்று சொன்னால் சான்றிதழ் கிடைக்கும், வேலையும் நிரந்தரமாகும்.

"பிள்ளை பார்க்கறதுக்குக்கூட பயிற்சியா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

தெய்வானையும் சேர்ந்துதான் சிரித்தாள். ரெண்டு பெற்று வளர்த்தவள் அல்லவா. ஆனால் இந்த வேலையும் போய்விட்டால் அடுத்து எங்கே போய் நிற்பது என்ற பயம் உள்ளே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

காப்பகத்தில் ஒரு வழக்கம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. காலையில் பிள்ளையை விட வரும் அம்மா சத்தமில்லாமல் நழுவக் கூடாது. பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, "அம்மா வேலைக்குப் போறேன், சாயங்காலம் வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும். சொன்ன மறு நிமிஷம் பிள்ளை அலறும். ஒன்று அலறினால் நாலு சேர்ந்துகொள்ளும். காலை நேரம் முழுக்க அங்கே காது கொடுக்க முடியாது.

"ஏனுங் டீச்சர், சும்மா விளையாடற பிள்ளையக் கூப்பிட்டு நிறுத்தி அழ வெக்கோணுமா?" என்று தெய்வானை கேட்டாள்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"பராக்குக் காட்டுவேனுங்க. அது அங்க பார்க்கறப்ப அம்மாக்காரி இங்க போயிருவா. பிள்ளைக்கும் அழுகையில்ல, நமக்கும் தொல்லையில்ல."

"இங்க அது வேண்டாம்க்கா" என்றார் எஸ்தர். ஏன் என்று சொல்லவில்லை. கைக்குழந்தைகளின் அறையில் ஒன்று சிணுங்கியது, எழுந்து போய்விட்டார்.

சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று தெய்வானை நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்த வாரம் முகில் என்ற பையன் புதிதாக வந்தான். இரண்டு வயது. காலில் நடந்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும் நீலச் செருப்பு. அம்மா சுகந்தி தையல் பிரிவில் வேலை செய்தாள். பிள்ளையைவிட அவள் கண்தான் அதிகம் கலங்கியிருந்தது.

எஸ்தர் கைக்குழந்தைகளின் அறையில் இருந்த நேரம் பார்த்து தெய்வானை பையனைத் தூக்கிக்கொண்டு பின் ஜன்னலுக்குப் போனாள். "அங்க பாரு சாமி, காக்கா! ரெண்டு காக்கா! ஒண்ணு வாய்ல என்னமோ வெச்சிருக்குது பாரு."

முகில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். சுகந்தி நழுவிவிட்டாள். திரும்பிப் பார்த்த முகில் அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். தெய்வானைக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

மறுநாளும் காக்கா வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. முகில் ஒரு நாள்கூட அழவில்லை.

ஆனால் அவன் செருப்பைக் கழற்ற விடவில்லை. கழற்றப் போனால் காலை மடக்கி அடியில் வைத்துக்கொண்டான். மதியம் மற்ற பிள்ளைகள் தூங்கும்போது கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அசந்து கண் மூடினாலும் செருப்பு கீச்சென்றால் திடுக்கிட்டு எழுந்துவிடுவான். சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

எஸ்தர் அவனைக் கவனித்துவிட்டார்.

"அக்கா, இவன் காலைல அழறதே இல்லையே?"

தெய்வானை மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னாள். "பராக்குக் காட்டிர்றேனுங் டீச்சர். காக்கான்னா அவனுக்கு உசிரு."

எஸ்தர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். எஸ்தர் திட்டவில்லை.

"இப்ப ஒரு தடவை காட்டுங்கக்கா."

தெய்வானை ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினாள். "அங்க பாரு சாமி, காக்கா!"

அறையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி வந்தன. முகில் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான். செருப்பு கீச் கீச்சென்று கத்தக் கதவு வரைக்கும் ஓடி, அதை இரண்டு கையாலும் தட்டினான். அப்போது அம்மா தையல் மிஷினில் இருந்தாள். காலையிலேயே போயாயிற்று. அவனுக்கு அது தெரியவில்லை.

தெய்வானை நீட்டிய கையை இறக்கினாள்.

"நீங்க காக்கா காட்டுனப்ப அவன் அம்மா எங்கக்கா போனாங்க?" என்று கேட்டார் எஸ்தர்.

தெய்வானை கதவைத் தட்டிக்கொண்டிருந்த முகிலைத் தூக்கப் போனாள்.

மறுநாள் சுகந்தி பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, "அம்மா போயிட்டு வர்றேன் தங்கம்" என்று சொன்னாள். முகில் இத்தனை நாள் அழாததை எல்லாம் சேர்த்து அழுதான். தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலைக் காட்டவில்லை, பொம்மையை ஆட்டவில்லை. "அம்மா போயிட்டா, சாயங்காலம் வருவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தொடப் போனால் கையைத் தட்டிவிட்டான். ஒரு நாள் கடித்தே விட்டான்.

எஸ்தர் தூக்கினால் போனான். சமையல் செய்யும் பெண் தூக்கினாலும் போனான். தெய்வானை கை நீட்டினால் மட்டும் பின்னால் நகர்ந்தான். அவளும் விடவில்லை. தினமும் அதே இடத்தில், கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து அதையே சொன்னாள். பாத்ரூம் போவதானாலும் அவனிடம், "அக்கா உள்ள போயிட்டு வர்றேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மற்ற பிள்ளைகள் சிரித்தன. இவன் சிரிக்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டோமே என்ற நினைப்பு அவளைச் சாப்பிட விடவில்லை. டீச்சர் எப்படியும் சரி என்று சொல்லப் போவதில்லை. அவர் வாயால் கேட்பதற்கு முன்னால் நாமே போய்விடலாம் என்று ஒரு நாள் மதியம் முடிவு செய்தாள்.

பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முகிலும் பாயில் போர்வைக்குள் குப்புறப் படுத்துத் தூங்கினான். தெய்வானை பையை எடுத்துக்கொண்டு, ஒரு பிள்ளையும் முழித்துக்கொள்ளாமல், கால் கட்டை விரலை ஊன்றி ஊன்றி வெளியே வந்தாள்.

வாசலில் எஸ்தர் துவைத்த துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார்.

"கிளம்பிட்டீங்களாக்கா?"

"ஆமாங் டீச்சர். எனக்கு இந்த வேலை வராதுங்க. பிள்ளை பார்க்கத் தெரியும்னு இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன்." அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

எஸ்தர் அவளைத் தடுக்கவில்லை. இன்னொரு துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

தெய்வானை செருப்பு மாட்டக் குனிந்தாள். அவள் செருப்புக்குப் பக்கத்தில் நீலச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. ஒன்று கவிழ்ந்து கிடந்தது, இன்னொன்று அவள் செருப்பின் மேலேயே ஏறியிருந்தது.

தெய்வானை ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்களா டீச்சர் கழட்டி விட்டீங்க?"

"இல்லக்கா. நீங்க பால் டம்ளர் கழுவிட்டிருந்தீங்க. அவனே கழட்டித் தூக்கிட்டு வந்தான். அத்தனை செருப்பையும் ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு அங்க கொண்டு போய் வெச்சான்."

தெய்வானை ஒற்றைக் காலில் செருப்போடு நின்றாள். உள்ளே ஒரு பிள்ளை புரண்டு படுத்தது. கீச்சென்ற சத்தம் இல்லை.

"போறதுன்னா போங்க. நான் வேண்டாம்னு சொல்லல" என்றார் எஸ்தர். கடைசித் துண்டையும் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"முகில்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"