முள்ளு எந்திரிக்காத காரு

பவானியில மூணு பங்காளிக சேந்து ஒரு கார் பட்டறை வெச்சிருந்தாங்க. மாதையன், இருசப்பன், பொங்கியண்ணன். மூணு மண்டையையும் ஒண்ணாப் போட்டு உருக்குனாலும் ஒரு நட்டுக்குத் தேறாது. பேச்சு மட்டும் கலெக்டரு கணக்கா இருக்கும்.

அங்க போயி குப்புராசு தன்னோட பழைய காரை விட்டான். இஞ்சினும் கியர்பாக்ஸும் போச்சு.

"வெள்ளிக்கெழம ஒம்பது மணிக்குள்ள கவுந்தப்பாடி மண்டபத்துல நான் தாலி கட்டியாவணுங்க. நேரந் தப்புனா மாமனாரு பொண்ணத் தரமாட்டாரு. மனுசன் அப்பிடி."

வேறொரு ஒடஞ்ச காருல இருந்து ரெண்டையும் கழட்டியாந்து மாட்டுனாங்க. வித்த கடைக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு: "இந்தக் கியர்பாக்ஸுல இருக்கற ஸ்பீடு சென்சாரு புது மாடலு. அது சொல்றது உங்க பழைய மீட்டருக்குப் புரியாது. முள்ளு சைபருலயே கெடக்கும். மீட்டரையும் மாத்திப்போடுங்க."

மூணு பேரும் கூடி ஒக்காந்தாங்க.

"மீட்டருக்கு என்ன வயசிருக்கும்?" மாதையன் கேட்டான்.

"இருவத்தஞ்சு வருசத்து மீட்டரு," இருசப்பன் சொன்னான்.

"அப்ப காது மந்தம். அத்தன எட்டத்துல இருந்து சொன்னா எப்பிடிக் கேக்கும்?"

சென்சாரைக் கழட்டி, மீட்டரு மூஞ்சிக்கு நேரா வெச்சு, கட்டுக்கம்பியில இறுக்கிட்டாங்க. கியர்பாக்ஸு ஓட்டையில பழந்துணிய அடச்சாங்க.

வெள்ளிக்கெழம காலையில பொங்கியண்ணன் ஸ்டேரிங் புடிச்சான். மாதையனும் இருசப்பனும் கூடவே ஏறிக்கிட்டாங்க. பட்டு வேட்டியும் மாலையுமா குப்புராசு பின்னால. காரு பறந்துச்சு. முள்ளு சைபருல படுத்திருந்துச்சு.

"வண்டி இன்னும் கெளம்பல போல," பொங்கியண்ணன் ஆக்ஸிலேட்டர இன்னும் அமுக்குனான்.

"அப்ப மரமெல்லாம் ஏண்டா பின்னால ஓடுது?" மாதையன் கேட்டான்.

"காத்து."

குப்புராசு பதறிட்டான். "ஏனுங்க, மண்டபம் வந்திருச்சு. நிறுத்துங்க."

"நிக்கிற வண்டிய எப்பிடிங்க மாப்ள நிறுத்தறது? கண்ண நம்பாத, மீட்டர நம்புன்னு லைசென்ஸ் எடுக்கையில வாத்தியாரு சொல்லியிருக்காரு."

வாசல்ல பன்னீர்ச் சொம்போட நின்ன மாமனாரு, மாப்ள கைய ஆட்டிக்கிட்டே போறதப் பாத்தாரு. கோபி போச்சு. சத்தியமங்கலத்துல டீசல் தீந்து வண்டி தானா நின்னப்ப மணி ஒம்பதே முக்காலு. மாமனாரு போன் பண்ணி, வரவேண்டாம்னு ஒத்த வார்த்தையில முடிச்சாரு. குப்புராசு மாலையோட பஸ்ஸுல தொத்திக்கிட்டுப் போனான்.

மூணு பேரும் எறங்கிச் சுத்திமுத்திப் பாத்தாங்க. நேரா போலீஸ் ஸ்டேஷன் போயி, காணோம்னு புகாரு சொன்னாங்க.

"என்னய்யா காணோம்?" ஏட்டு கேட்டாரு.

"எங்க பட்டறைங்க. காரு ஒரு அடி நகரலீங்க, மீட்டர வந்து பாருங்க. சுத்தியிருந்த பட்டறைய எவனோ தூக்கிட்டுப் போயிட்டானுங்க."

"காருல வேற யாரு இருந்தது?"

"கல்யாண மாப்ளைங்க. காலையில ஏறி அப்பிடியே ஒக்காந்திருந்துட்டு, இப்பத்தான் பஸ்ஸு புடிச்சுக் கெளம்பறாரு. இப்பிடியாப்பட்ட சோம்பேறிக்கு எவனுங்க பொண்ணக் குடுப்பான்?"