வேரும் மண்ணும் சேர்ந்த எடை

மாசிலாமணி கலால் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்தவர், வலி போன பிறகும் போகாமல் சித்த வைத்தியர் தில்லைநாயகிக்குச் சீடராகிவிட்டார். குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்திரண்டு. மருந்து இடிக்க அதெல்லாம் ஒரு தடையா என்ன?

இரண்டு நாளாக மாசிலாமணி உள்ளறையை விட்டு வெளியே தலைகாட்டவில்லை. தீராத வயிற்றுவலியோடு மலையிலிருந்து வந்த சடையாண்டி வாசல் பெஞ்சில் படுத்திருந்தார். கஞ்சா வழக்கில் அவரைப் பிடித்துக் கொடுத்தது மாசிலாமணிதான். பத்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்த மனிதர்.

மனசு கேட்காமல் மாசிலாமணி குருவிடம் வந்தார்.

“அம்மா, வெள்ளைக்காரன் காலத்துல எங்க தாத்தா கஞ்சாக் கடையை ஏலம் எடுத்து நடத்தினார். ஊரே மரியாதை குடுத்துச்சு. அதே செடிக்கு நான் விலங்கு மாட்டினேன். நீங்க லைசென்ஸ் வாங்கி அதுல லேகியம் கிண்டுறீங்க. அது நல்லதா, கெட்டதா?”

“சீமையில அதோட நாரைக் கப்பலுக்குக் கயிறாத் திரிச்சாங்களாம். வடக்கே சிவராத்திரிக்குப் பால்ல அரைச்சுக் குடிக்கிறாங்க. நல்லது, கெட்டதுன்னு அது எங்கேயும் வாயைத் திறக்கல, சார். அந்த மூட்டையைப் பிரிங்க.”

அரசாங்க அனுமதியோடு மருந்துக்கு வந்த பச்சைச் செடி. இத்தனை நாளும் அவர் தொடாத மூட்டை அது. வேண்டாவெறுப்பாகப் பிரித்தார்.

“நிறுத்துப் பாருங்க.”

“ஆறு கிலோ.”

“வேரையும் தண்டையும் கழிச்சிடுங்க. இலையை மட்டும் ஏழு தண்ணியில அலசிக் காயவச்சு, மறுபடி நிறுத்துங்க.”

மூன்றாம் நாள் தராசில் முக்கால் கிலோ கூட நிற்கவில்லை. மாசிலாமணி தட்டைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றார்.

“என்ன சார்?”

“சட்டத்துல பூவும் காயும் உள்ள நுனியைத்தான் எடை போடணும், அம்மா. அன்னைக்கு நல்ல மழை. இருட்டுறதுக்குள்ள மலை இறங்கணும்னு அவசரம். மேலதிகாரி வேற போன் மேல போன். ஈரச் செடியை வேரும் மண்ணுமா அப்படியே தராசுல ஏத்திட்டேன். இருபத்திரண்டு கிலோ வந்துச்சு. இருபதைத் தாண்டினா பத்து வருஷம்.”

“ஒழுங்கா நிறுத்திருந்தா?”

“நாலு கிலோ தேறியிருக்காது.”

குரு அடுப்பை மூட்டி, நெய்யில் இலையை வதக்கி, கருப்பட்டிப் பாகில் சேர்த்துக் கிண்டினார். லேகியம் ஆறியதும் சுண்டைக்காய் அளவு உருட்டி மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்தார்.

“சடையாண்டிகிட்ட நீங்களே கொண்டு போய்க் குடுங்க.”

“என்னை அவருக்குத் தெரியுமே.”

“வந்த அன்னைக்கே உங்க குரலை வச்சுத் தெரிஞ்சுக்கிட்டார். ‘இன்ஸ்பெக்டர் ஐயா நல்லா இருக்காரா’ன்னு கேட்டார்.”

லேகிய உருண்டையோடு வாசல்வரை போனவர் திரும்பினார்.

“அன்னைக்கு நடந்ததை அவர்கிட்டச் சொல்லணும், அம்மா. எப்படிச் சொல்றது?”

“மழையைக் கழிச்சிடுங்க. அவசரத்தையும் மேலதிகாரியையும் கழிச்சிடுங்க. மிச்சத்தைச் சொல்லுங்க, சார்.”